வைரஸ் காய்ச்சலில் எதிர்ப்பு மண்டலம் கட்டு மீறினால் என்ன சிகிச்சை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரஸ் தொற்று வந்த சிலருக்கு, வைரஸைவிட அதை விரட்டக் கிளம்பிய உடலின் எதிர்ப்பே பெரிய சேதத்தைச் செய்துவிடுகிறது. கொரோனா காலத்தில் இது 'சைட்டோகைன் புயல்' என்ற பெயரில் எல்லோர் வாயிலும் புழங்கியது. கூடவே அந்த எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு, டோசிலிசுமாப் என்று மருந்துப் பெயர்களும் புழங்கின. அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

சைட்டோகைன் புயல் என்றால் என்ன?

சைட்டோகைன்கள் என்பவை செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ரசாயனச் சேதிகள். வைரஸ் நுழைந்த செல் 'இங்கே ஆபத்து, ஆள் அனுப்பு' என்று சேதி விடும். வந்து சேரும் வெள்ளணுக்கள் தாமும் அதேபோல் சேதி விட்டு இன்னும் ஆள் சேர்க்கும். நமக்கு வரும் காய்ச்சல், உடம்பு வலி, அசதி எல்லாம் பெரும்பாலும் இந்தச் சேதிகளின் வேலைதான். தொற்று அடங்கியதும் 'போதும், கலையலாம்' என்ற சேதியும் போகும். அது போகாமல், ஆள் சேர்க்கும் சேதி மட்டும் பெருகிக்கொண்டே போவதைத்தான் புயல் என்கிறார்கள்.

நுரையீரலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சிகிச்சையும் எளிதில் புரியும். அங்கே காற்றுப்பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் ஒரே ஒரு செல்லின் தடிமன்தான். அதை ஒட்டியே நூலிழை போன்ற ரத்தக்குழாய். வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து வெளியே வர வேண்டுமே என்பதற்காகச் சைட்டோகைன்கள் அந்தக் குழாயின் சுவரைக் கொஞ்சம் தளர்த்திவிடும். அளவோடு தளர்ந்தால் வெள்ளணு மட்டும் வரும். அளவு மிஞ்சினால் ரத்தத்தின் நீரும் கசிந்து காற்றுப்பைக்குள் தேங்கும். காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கும்போது எவ்வளவு மூச்சு இழுத்தும் ஆக்சிஜன் ஏறாது. இதே தளர்ச்சி உடல் முழுக்க நடந்தால் ரத்த அழுத்தம் விழும். சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உருவாகும், சிறுநீரகமும் கல்லீரலும் தள்ளாடும்.

வைரஸே இல்லாமலும் இது வருமா?

வரும். 'சைட்டோகைன் புயல்' என்ற சொல் 1993இல் முதலில் பயன்பட்டதே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் வரும் ஒரு சிக்கலைச் சொல்லத்தான். 2006 மார்ச்சில் லண்டனில் நடந்தது இன்னும் அதிர்ச்சியானது. டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தைச் சோதிக்க, நல்ல ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு அதை ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். அடுத்த நாளுக்குள் ஆறு பேருக்குமே பல உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கிவிட்டன. கூடவே வெறும் போலி மருந்து ஏற்றிக்கொண்ட இருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிக அளவு ஸ்டீராய்டும் தீவிர சிகிச்சையும் கொடுத்து ஆறு பேரையும் காப்பாற்றினார்கள். கிருமி என்று ஒன்று இல்லாமலேயே, சேதிகள் கட்டு மீறினாலே போதும், ஒரு ஆளைச் சாய்த்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்ப்பு சக்தி வலுவாக இருப்பவர்களுக்குத்தான் இது வருமாமே?

பாதி உண்மை. 1918 ஃப்ளூ கொள்ளைநோயில் 20 முதல் 40 வயதுக்காரர்கள் ஏராளமாக இறந்தார்கள். இளைஞர்களின் வீரியமான எதிர்ப்பே அவர்களைக் கொன்றது என்ற விளக்கம் அதிலிருந்துதான் பரவியது. ஆனால் கொரோனாவில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் முதியவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு வலுவானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்றைக்கு இருக்கும் புரிதல் வேறு. வைரஸ் நுழைந்ததும் முதலில் ஒலிக்க வேண்டிய மணி இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன். அது தாமதமானால் வைரஸ் தாராளமாகப் பெருகும். பிறகு உடல் விழித்துக்கொண்டு, விட்ட நேரத்துக்கும் சேர்த்து அடிக்கும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்தபோது சுமார் பத்தில் ஒருவருக்குத் தன் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) ரத்தத்தில் இருந்தன. ஆகவே பல பேருக்கு இது வலுவின் கோளாறு அல்ல, நேரம் தவறிய கோளாறு.

சத்து மாத்திரை, விட்டமின் சாப்பிட்டால் புயல் கிளம்புமா?

கிளம்பாது. அடங்கவும் அடங்காது.

எத்தனையாவது நாளில் கவனமாக இருக்க வேண்டும்?

கொரோனாவில் அறிகுறி தொடங்கியதிலிருந்து எண்ணினால், முதல் வாரம் பெரும்பாலும் வைரஸின் வாரம். ஏழு முதல் பத்தாம் நாள் வாக்கில், வைரஸ் குறையத் தொடங்கும் நேரத்தில், அழற்சி, அதாவது எதிர்ப்பு மண்டலம் கிளப்பும் கொந்தளிப்பு, ஏறும். 'காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது, திடீரென்று மூச்சு வாங்குகிறது' என்று வருபவர்கள் பலரும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். அதனால் முதல் அறிகுறி தென்பட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பரிசோதனை செய்த தேதியைச் சொல்லிக் குழப்ப வேண்டாம், இரண்டும் வேறு.

எந்த ரத்தப் பரிசோதனையில் தெரியும்?

தனியாக ஒன்றில் தெரியாது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர், திசுச் சேதத்தைக் காட்டும் எல்.டி.எச்., ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஏறியது என்பதுதான் பேசும். எல்லாவற்றுக்கும் மேலே ஆக்சிஜன் அளவு.

இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனை அளந்து சொல்லும் பரிசோதனையும் உண்டு. காசு போவதுதான் மிச்சம் என்பது என் கருத்து. இந்த மருந்துகளை நிரூபித்த பெரிய ஆய்வுகள் அந்த எண்ணை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. தவிர, கொரோனாவில் அந்த அளவு மற்ற கடுமையான நுரையீரல் நோய்களில் காண்பதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. 'புயல்' என்ற சொல்லே கொஞ்சம் மிகை என்று பல நிபுணர்கள் சொல்வதும் இதனால்தான்.

ஸ்டீராய்டு உண்மையிலேயே உயிர் காக்குமா?

சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் காக்கும். இதைச் சொல்ல இன்றைக்கு உறுதியான எண்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பிரிட்டன் முழுவதும் 'ரிகவரி' என்ற கொரோனா மருந்து ஆய்வைத் தொடங்கியது. ஆராய்ந்த மருந்துகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 1950களில் உருவாக்கப்பட்டது, மலிவானது, எங்கும் கிடைப்பது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். ஏறக்குறைய 2,100 பேருக்குக் கொடுத்து, கொடுக்காத 4,300 பேருடன் ஒப்பிட்டார்கள்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதவர்கள் நூற்றுக்கு 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 29 பேர். வென்டிலேட்டர் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26 என்பது 23 ஆனது. இனி மூன்றாவது குழுவைப் பாருங்கள். மருத்துவமனையில் இருந்தாலும் ஆக்சிஜனே தேவைப்படாதவர்கள் இவர்கள். மருந்து பெறாதவர்களில் 14 பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 18 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளிவிவரம் சொன்னாலும், பலன் இருந்ததற்கு அடையாளம் கொஞ்சமும் இல்லை.

ஒரே மாத்திரை, ஒரே நோய். மூச்சு திணறுபவருக்கு உயிர், திணறாதவருக்கு ஒருவேளை கேடு. வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது காவல்காரரைத் தூங்க வைத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

அப்படியானால் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு டோஸைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே?

அதையும் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண ஆக்சிஜன் மட்டும் போதுமானதாக இருந்தவர்களுக்கு 6க்குப் பதில் முதல் ஐந்து நாள் 20, அடுத்த ஐந்து நாள் 10 மில்லிகிராம் கொடுத்ததில் இறப்பு கூடியது: 12 சதவீதத்துக்குப் பதில் 19 சதவீதம். அந்தக் குழுவில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

டோசிலிசுமாப் என்ற ஊசி எப்படி வேலை செய்கிறது?

ஸ்டீராய்டு ஊரையே அடக்கும் ஊரடங்கு என்றால், இது ஒரு தெருவை மட்டும் அடைப்பது. இன்டர்லூக்கின்-6 வந்து அமரும் ஏற்பியில் இந்த மருந்து முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். சேதி வந்தாலும் கேட்க ஆள் இருக்காது. முதலில் ஜப்பானில் மூட்டுவாதம் போன்ற நோய்களுக்காக வளர்ந்த மருந்து இது.

இந்த மருந்து புயலுக்கு வந்த கதை சுவாரசியமானது. 2012இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய்க்காக, மாற்றியமைத்த டி-செல்களை (ஒருவகை வெள்ளணுக்கள்) ஏற்றும் கார்-டி சிகிச்சையைக் கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவர்தான். சில நாட்களில் கடும் காய்ச்சல், வென்டிலேட்டர், நினைவில்லை. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 மலைபோல் ஏறியிருந்தது தெரிய வந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் சொந்த மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் இந்த மருந்து அவர் நினைவில் இருந்தது. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் நிலைமை திரும்பியது, தன் ஏழாவது பிறந்த நாளன்று எமிலி கண் விழித்தார். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தப் பயன்பாட்டுக்கு முறையான அனுமதி கொடுத்தது.

கொரோனாவில் பலன் இவ்வளவு நாடகத்தனமாக இல்லை. ஆரம்ப ஆய்வுகள் சில கையை விரித்துவிட்டன. பிறகு ரிகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேல் இருந்த 4,100 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஸ்டீராய்டுக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேல் இது என்று நினைவில் வையுங்கள். கொரோனாவின்போது கடை கடையாக இந்த ஊசிக்கு அலைந்த குடும்பங்களுக்கு, இது கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

பாரிசிட்டினிப், அனகின்ரா என்கிறார்களே?

பாரிசிட்டினிப் ஒரு மாத்திரை. பல சைட்டோகைன்களின் சேதி செல்லுக்குள் போக 'ஜாக்' என்ற நொதிகள் வழியாகத்தான் போக வேண்டும், இது அந்த வழியை மறிக்கிறது. ரிகவரி ஆய்வில் இறப்பு 14இலிருந்து 12 சதவீதமானது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில், கடுமையான கொரோனாவுக்கு ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஊசி கிடைக்காத இடத்தில் மாத்திரை பெரிய வசதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

அனகின்ரா, இன்டர்லூக்கின்-1 என்ற வேறொரு சேதியைத் தடுப்பது. உடலில் வேகமாகக் கழிந்துவிடும், பிரச்சினை வந்தால் நிறுத்திய சிறிது நேரத்திலேயே அதன் வேலையும் நின்றுவிடும். டாக்டர்களுக்கு இதன் மேல் ஒரு பிரியம் இருப்பதற்கு அதுவே காரணம்.

எதிர்ப்பை அடக்கினால் வேறு தொற்று வராதா?

வரும், இதுதான் எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் அலையாக வந்ததற்குக் கட்டுப்படாத சர்க்கரையும் தேவைக்கு மேல் ஓடிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். பழைய காசநோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் தலைதூக்கலாம். ஸ்ட்ராங்கைலாய்டிஸ் என்று ஒரு குடற்புழு உண்டு. அறிகுறியே காட்டாமல் பல வருடம் குடலில் கிடக்கும். ஸ்டீராய்டு போனதும் கட்டவிழ்ந்து உடல் முழுக்கப் பரவி ஆளையே கொல்லக்கூடியது. அந்தப் புழு அதிகமுள்ள பகுதிக்காரர்களுக்கு முன்கூட்டியே ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுப்பது அதற்காகத்தான், வைரஸுக்காக அல்ல.

இன்னொரு பொறி: டோசிலிசுமாப் போட்டால் மறுநாளே சி.ஆர்.பி. சரசரவென்று இறங்கும், காய்ச்சலும் காணாமல் போகும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு நோய் குணமாகிவிட்டது போலத் தோன்றும். கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிப்பதே இன்டர்லூக்கின்-6 சொல்லித்தான். சொல்வது காதில் விழாதபோது அது தயாரிக்காது, அவ்வளவுதான். அடியில் ஒரு பாக்டீரியா தொற்று வளர்ந்துகொண்டிருந்தாலும் அந்த எண் அமைதியாகவே இருக்கும். அதனால் ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் 'சி.ஆர்.பி. நார்மல்' என்பதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

டெங்கு, ஃப்ளூவுக்கும் இதே மருந்துகளா?

இல்லை. டெங்குவிலும் ரத்தக்குழாய் கசிகிறது, அதிலும் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டு. இருந்தும் ஸ்டீராய்டு உதவியதற்குச் சான்று இல்லை. வியட்நாமில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆரம்பத்திலேயே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பலன் கிடைக்கவில்லை. அங்கே உயிர் காப்பது அளந்து கொடுக்கும் திரவம்தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும் ஓரிரு நாட்கள்தான் கண்டம். தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூங்கி வழிதல் என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

ஃப்ளூவில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததாகவே பல பதிவுகள் காட்டுகின்றன. பறவைக் காய்ச்சல் நோயாளிகளை ஆராய்ந்தபோது, யாரிடம் வைரஸ் அதிகமோ அவர்களிடமே சைட்டோகைனும் அதிகம் என்று தெரிந்தது. அங்கே ஓசெல்டமிவிர் போன்ற வைரஸ் மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதே புயலைத் தடுக்கும் வழி.

ஃபெரிட்டின் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். அது வேறு நோயா?

இருக்கலாம். எச்.எல்.எச். என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு நோய் உண்டு. இதில் உடலின் விழுங்கணுக்கள் வெறிபிடித்தது போலச் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும். எப்ஸ்டீன்-பார் போன்ற வைரஸ்கள் இதைக் கிளப்பிவிடும். விடாத காய்ச்சல், பெருத்த மண்ணீரல், மூன்று வகை ரத்த அணுக்களும் சரிவது, ஃபெரிட்டின் பல ஆயிரம் என்று சேர்ந்து வந்தால் ரத்தநோய் நிபுணரை உடனே வரவழைக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோனோடு, புற்றுநோய் மருந்தான எட்டோபோசைடும் தேவைப்படலாம். 'வைரஸ் காய்ச்சலுக்குப் போய் கீமோ மருந்தா?' என்று குடும்பத்தினர் அதிர்வது இயல்பு. கட்டு மீறிய அணுக்களைக் குறைப்பதற்காகத்தான் அது கொடுக்கப்படுகிறது, புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

குழந்தைக்குக் கொரோனா வந்து போய் ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல். அதுவும் இதில் சேருமா?

சேரலாம். தொற்று முடிந்து இரண்டு முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், வயிற்று வலி, கண் சிவப்பு, தடிப்பு என்று வந்தால் பலவுறுப்பு அழற்சியைச் சந்தேகிப்பார்கள். இதயம் பாதிக்கப்படும் என்பதால் எக்கோ எடுப்பார்கள். ஐ.வி.ஐ.ஜி. எனப்படும் எதிர்ப்பொருள் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஏற்றுவதும், கூடவே ஸ்டீராய்டும்தான் வழக்கமான சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரை, குணமானவர்களின் பிளாஸ்மா, கால்சிசின் மாத்திரை இவை உதவுமா?

மூன்றையும் ரிகவரி ஆய்வு மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தது. மூன்றும் இறப்பைக் குறைக்கவில்லை.

மருந்தைத் தவிர வேறு என்ன செய்வார்கள்?

சொல்லப்போனால் பெரும்பாதி அதுதான். தேவையான அளவு ஆக்சிஜன், குப்புறப் படுக்க வைப்பது, ரத்தம் உறையாமல் ஹெப்பாரின், அளவோடு திரவம். குப்புறப் படுத்தால் முதுகுப்புறம் அமுங்கிக் கிடந்த காற்றுப்பைகள் விரியும். மருந்து அழற்சியை அடக்க நாளாகும். அதுவரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைப்பவர்கள் நர்சுகள்தான்.

வீட்டில் இருக்கும்போது எப்போது கிளம்ப வேண்டும்?

ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே நின்றால், அல்லது சில நிமிடம் நடந்துவிட்டுப் பார்க்கும்போது மூன்று நான்கு புள்ளி விழுந்தால் தாமதிக்க வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் எண் நன்றாக இருந்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். குழப்பம், உதடு நீலம், சிறுநீர் குறைவது இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு?

ஸ்டீராய்டை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கிச் சாப்பிடுவதுதான் பெரிய ஆபத்து. சில வாரம் சர்க்கரையைப் பார்த்து வாருங்கள். ஒரு பக்க முகவலி, மூக்கில் கருஞ்சளி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டோசிலிசுமாப் போட்டிருந்தால், அடுத்து எந்த டாக்டரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிவிடுங்கள். ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிக்கொண்ட குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போடுவது வழக்கம், முன்னதாகப் போட்டால் பிடிக்காமல் போகலாம். தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.